படகுக் கபின் யன்னலுக்கு மலிவான திரை: வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திமிங்கிலமும் டொல்பினும் பார்க்கப் பயணிகளை ஏற்றவென்று கபின் வைத்த பைபர் படகொன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். பக்கத்துக்கு மூன்றாக ஒரே அளவில் ஆறு யன்னல்கள், முன்னால் அகலக் கண்ணாடி, கூரையில் வெளிச்சம் விடுகிற, திறந்து மூடுகிற சதுரமான மேல்மூடி, பின்னால் வாசல். திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கையில் பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. இரவு தங்குகிறவர்களுக்கு மறைவும் வேண்டும். படகுக்கென்றே செய்த திரைகளின் விலையைக் கேட்டுவிட்டு, வீட்டுத் திரைச்சீலையை வெட்டித் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்கிறீர்கள்.

போதாது. ஆனால் கடைக்காரர் சொன்ன விலையும் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியவை இரண்டு: வெயிலைத் தடுப்பது ஒன்று, அயல் படகுக்காரரின் கண்ணைத் தடுப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே திரையால் செய்ய நினைக்கும்போதுதான் செலவு ஏறுகிறது. வெயிலுக்கான திரை கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். கண்ணுக்கான திரை உள்ளே. படகுக் கூரைகளும் இருக்கை உறைகளும் தைத்துப் பிழைக்கிறவன் நான். பணத்தைக் கொட்டி உள்ளே கனத்த திரை போட்டுவிட்டு, பிறகும் வேர்த்துக் கொட்டுகிறது என்று வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

காரணம் எளியது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையில் பட்டால் திரை சூடாகும். அந்தச் சூடு கபினுக்குள்தான் இறங்கும், வெளியே திரும்பிப் போவது கொஞ்சம்தான். வெளியே ஒரு வலையில் பட்டால், வலை எவ்வளவு சூடானாலும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். கணக்காகவும் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் கிட்டத்தட்ட 1,000 வாட் விழுகிறது. தெளிந்த பெர்ஸ்பெக்ஸ் தகடு, அதாவது கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 92 சதவீதத்தை உள்ளே விடும். 60 சென்றிமீற்றர் சதுரமான மேல்மூடி ஒன்று 300 வாட்டுக்கு மேல் உள்ளே இறக்கும். சின்னதொரு ரைஸ் குக்கரைக் கபினுக்குள் கொதிக்கவிட்டதுபோல.

ஆகவே முதல் செலவு யன்னலுக்கு அல்ல, மேல்மூடிக்கு. நமது ஊர் வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்பும், பின்னர் ஆகஸ்ட் முடிவிலும் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சியிலிருந்து சற்று வடக்கே சரிந்திருக்கும், அவ்வளவுதான். திமிங்கிலம் பார்க்க ஆட்கள் வருகிற மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான காலமும் அதுவே. நண்பகல் வெயில் பக்க யன்னல்களைத் தொடாமல் கூரை வழியாக நேரே இறங்கும். பக்க யன்னல் ஆறுக்கும் அழகாகத் திரை தைத்துவிட்டு மேல்மூடியை வெறுமனே விட்டால் நண்பகலில் ஒரு பயனும் தெரியாது.

மேல்மூடிக்கு மலிவான நல்ல வழி, அதை மட்டும் மூடாமல் கபின் கூரை முழுவதற்கும் மேலே ஒரு நிழல் விரிப்பது. கூரைக்கும் விரிப்புக்கும் இடையில் ஒரு சாணாவது இடைவெளி இருக்க வேண்டும். அப்போது மேல்மூடியை நான்கு விரல் திறந்து வைக்கலாம். உள்ளே ஏறிய சூடு அதன் வழியே போகும், காற்றும் வரும். அதற்கு இடமில்லாவிட்டால் வெள்ளை அல்லது சாம்பல் நிறத் தறப்பாளில் மூடியின் அளவுக்குப் பெட்டிபோல உறை தைத்து, விளிம்பில் இலாஸ்டிக் கோத்து மாட்டிவிடலாம். தறப்பாளில் பிவிசி பூசியதைக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கடையிலும் தொங்குகிற நீலத் தறப்பாள் விலை குறைவுதான். நமது வெயிலில் சீக்கிரமே நார் நாராக உரிந்து தூளாகும், அந்தத் தூள் கடலில் கொட்டும்.

அடுத்து பக்க யன்னல்கள். இங்கேதான் செலவைப் பாதியாக்கலாம். நங்கூரம் போட்டு நிற்கிற படகு காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். நமது துறைமுகத்தில் வற்று, பெருக்கு குறைவு என்பதால் நீரோட்டம் படகை அதிகம் திருப்புவதில்லை. கச்சான் காற்று அடிக்கும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, தென்மேற்கைப் பார்க்கும். அந்த மாதங்களில் மாலைச் சூரியன் வடமேற்குப் பக்கமாகச் சாய்வதால் வெயில் வலப்பக்க யன்னல்களில் விழும், காலை வெயில் பின்வாசல் வழியாக வரும். வாடைக் காலத்தில் அணியம் வடகிழக்கைப் பார்க்கும். அப்போது வலப்பக்கம் காலை வெயிலை வாங்கும், மாலை வெயில் பின்வாசலுக்குப் போகும். இடப்பக்கத்துக்குப் பெரும்பாலும் சாய்ந்த வெயில்தான். கச்சான் காலத்திலும் பிற்பகலில் கடற்காற்று ஏறி, படகு முழுவதுமாகத் திரும்பி, இடப்பக்கம் வெயில் வாங்குகிற நாட்கள் உண்டு. எப்படியானாலும் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் கடும் வெயில் அடிக்காது. உங்கள் யன்னல்கள் ஆறும் ஒரே அளவு. வெளித்திரை மூன்று போதும். வெயில் விழுகிற பக்கத்துக்குக் கழற்றி மாட்டிக்கொள்ளுங்கள். பின்வாசலுக்கு நீளமாக ஒன்று. துறையில் கட்டி வைக்கிற படகுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்குத் துறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முடிவு சொல்லும்.

துணி எது? நாற்றுமேடைக்குப் போடுகிற நிழல் வலை. விவசாயப் பொருள் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள், திரைத் துணிகளில் இதைவிட மலிவானது கிடையாது. 50 சதவீதம், 75 சதவீதம் என்று எவ்வளவு வெயிலை மறைக்கும் என்பதை வைத்து விற்பார்கள். 75 அல்லது அதற்குச் சற்று மேலே எடுங்கள். 50 மட்டுமே இருந்தால் இரண்டாக மடித்துத் தைத்தால் அதே அளவுக்கு வந்துவிடும். வாங்கும்போது வெட்டு விளிம்பை விரலால் இழுத்துப் பாருங்கள். பின்னல் வகை அப்படியே நிற்கும். நாடா நாடாக நெய்த வகை அந்த இடத்திலேயே பிரிந்து வரும். பின்னல் வகைதான் வேண்டும். நிறத்தில் கறுப்பை எடுங்கள். கறுப்பு சூட்டை வாங்குமே என்பீர்கள். வாங்கட்டும், அது வெளியேதானே நிற்கிறது. கறுப்புச் சாயத்தில் இருக்கிற கரி பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காக்கிறது, அதனால் பச்சையை விட அதிக நாள் நிற்கும். உள்ளிருந்து பார்க்கும்போதும் கறுப்பு வலை கண்ணைக் கூசாமல் வெளிக்காட்சியைக் காட்டும். திருக்கோணேஸ்வரக் குன்றைப் பார்க்கத்தானே ஆட்கள் பணம் கொடுத்து வருகிறார்கள், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அளவெடுக்க நாடா போதாது. பழைய பத்திரிகைத் தாளை யன்னல்மேல் ஒட்டி, விளிம்பை விரலால் தேய்த்து அச்செடுங்கள். படகு யன்னல் பார்வைக்குச் செவ்வகம்போல இருந்தாலும் மூலைகள் வளைந்திருக்கும், ஒரு பக்கம் சரிந்திருக்கும். வலப்பக்க அச்சு இடப்பக்கத்துக்குத் திருப்பிப் போட்டால்தான் பொருந்தும். வலைக்கு உட்புறம் வெளிப்புறம் கிடையாது என்பதால் அதில் சிரமமில்லை. அச்சைவிடச் சுற்றிலும் 5 சென்றிமீற்றர் கூட்டி வெட்டி, ஓரத்தில் தறப்பாள் துண்டை மடித்து வைத்துத் தையுங்கள். வலையை மட்டும் தைத்தால் தையலோடு கிழிந்துவிடும். நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் உப்பிலும் வெயிலிலும் உளுத்துப்போய், துணி நன்றாக இருக்கத் தையல் மட்டும் விட்டுவிடும். மூலைகளில் பித்தளைக் கண்வளையம் அடித்து, மேலே கூரையின் கைப்பிடிக் கம்பியிலும் கீழே நடைபாதை ஓரக் கம்பியிலும் இலாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். வலை கண்ணாடியோடு ஒட்டாமல் இரண்டு மூன்று விரல் தள்ளி நிற்க வேண்டும். தளர்வாகக் கட்டினால் கச்சான் அடிக்கிற இரவில் படபடவென்று அடித்து ஒருவரையும் தூங்கவிடாது. கபின் சுவரில் ஆணி துளைப்பதை முடிந்தவரை தவிருங்கள். துளைத்தே ஆக வேண்டுமென்றால் துளைக்குள் நீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் நிரப்பிய பிறகே திருகாணியை ஏற்றுங்கள். பைபருக்கு நடுவில் பலகை வைத்த சுவராக இருந்தால் சின்னத் துளையால் இறங்குகிற மழைநீர் அந்தப் பலகையை உள்ளுக்குள் ஊறவைத்து அழித்துவிடும்.

முன் கண்ணாடிக்கு, நிற்கும்போது மட்டும் வெளியே தறப்பாள் உறை. அதுவும் வேண்டாமென்றால் வாகன உதிரிப்பாகக் கடையில் கிடைக்கிற வெள்ளி நிற மடிப்புத் தட்டியை உள்ளே செருகி வையுங்கள். உள்ளே போட்டாலும் பளபளப்பான முகம் வெளியே பார்ப்பதால் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கூரைத் தகட்டுக்குக் கீழே அடிக்கிற குமிழ் வைத்த வெள்ளித் தாளும் இதே வேலையைச் செய்யும், அதை யன்னலைவிட ஒரு விரற்கடை பெரிதாக வெட்டினால் சட்டத்துக்குள் தானாகவே பிடித்துக்கொண்டு நிற்கும். பெர்ஸ்பெக்ஸில் அதை அழுத்தி ஒட்டிவிடாதீர்கள், சூடு நடுவில் சிக்கித் தகட்டில் மெல்லிய வெடிப்புகள் வரும். படகு ஓடத் தொடங்குமுன் முன் கண்ணாடியில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

முச்சக்கர வண்டிக்கும் வானுக்கும் ஒட்டுகிற கறுப்பு ஸ்டிக்கரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் யன்னல்கள் கண்ணாடியா, பெர்ஸ்பெக்ஸா, பொலிகார்பனேட்டா என்று முதலில் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் தகடுகளில் ஸ்டிக்கர் ஒட்டினால் சூட்டில் குமிழ்விடும், உரிக்கும்போது பசை தகட்டிலேயே ஒட்டி நின்றுவிடும். அதைச் சுரண்டுகிறேன் என்று பெற்றோல், தின்னர் பூசினால் தகடே கெட்டுவிடும். உண்மையான கண்ணாடியில் ஒட்டலாம், ஆனால் இரவில் கழற்ற முடியாத இருட்டை நீங்களே விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

இனி உள்ளே. வெயிலை வெளியே நிறுத்திவிட்ட பிறகு உள்திரைக்கு வேலை குறைவு, அதனால் மலிவான துணி போதும். பருத்தி மட்டும் வேண்டாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உப்புப் படிந்த பருத்தித் துணி மாரியில் காயவே காயாது, பிறகு கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். வீட்டுக்கென்று விற்கிற இருட்டடிப்புத் திரையும் அப்படித்தான். அதன் பின்னால் பூசிய றப்பர் போன்ற படலம் சூட்டில் பிசுபிசுத்து உரிந்து கட்டில் எல்லாம் கொட்டும். மெல்லிய பொலியெஸ்டர், வெளிர் நிறம், எளிதில் காய்வது. பிரதான வீதியிலோ மத்திய வீதியிலோ புடவைக்கடையில் துண்டுத் துணி பார்க்கலாம். அதற்கும் செலவழிக்க மனமில்லையென்றால் வீட்டில் அம்மாவின் பழைய ஜோர்ஜெட் சேலையைக் கேளுங்கள். பகிடி இல்லை. கனமற்றது, அலசிப் பிழிந்தால் சிறிது நேரத்தில் காயும், ஒரு சேலையில் யன்னல்கள் ஆறும் முடிந்துவிடும். இரவில் விளக்குப் போட்டால் உள்ளே தெரியும் என்பதால் இரட்டையாக மடித்துத் தைக்க வேண்டும். வெளியே போட்ட வலையை நம்பி உள்திரையை விட்டுவிடாதீர்கள். பகலில் உள்ளே இருப்பதை மறைக்கிற அதே வலை, இரவில் உள்ளே வெளிச்சம் வந்ததும் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

வீட்டுத் திரைபோல மேலே மட்டும் தொங்கவிட்டால் படகில் நிற்காது. கபின் சுவர் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். மேலே கட்டிய துணி நேரே கீழே தொங்கும்போது யன்னலின் அடியிலிருந்து விலகி நிற்கும், படகு ஆடும்போது அதுவும் ஆடும். மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைக் கீழ்மடிப்பில் வைத்துத் தைக்கிறவர்கள் உண்டு. அலையில் அது சுவரில் டொக் டொக்கென்று தட்டும். மேலும் கீழும் இரண்டு மடிப்புத் தைத்து, இரண்டிலும் கயிறு கோத்து இழுத்துக் கட்டுங்கள். 3 மில்லிமீற்றர் நைலோன் பின்னல் கயிறு போதும். யன்னல் அகலமென்றால், மின்கம்பி ஓட்டுகிற 20 மில்லிமீற்றர் பிவிசி குழாயை வெட்டிக் கம்பியாகப் போடலாம். கடைகளில் விற்கிற, பிளாஸ்டிக் பூசிய சுருள்கம்பியை வாங்காதீர்கள். வெட்டிய முனையால் உப்பு உள்ளே போய்த் துருவேறி, வெள்ளைத் துணியில் அழியாத கறை வைக்கும். துணி அகலம் வீட்டில் யன்னலைப்போல் இரண்டு மடங்கு வைப்பார்கள். இங்கே ஒன்றரை மடங்கு தாராளம். 60 சென்றிமீற்றர் யன்னலுக்கு 90.

சுருட்டுத் திரை, வெனீசியன் தட்டி என்று ஆசைப்பட வேண்டாம். துணி நன்றாக இருக்கும். உள்ளே இருக்கிற இரும்புச் சுருளும் மேல்ச் சட்டமும் முதல் மாரியோடு இறுகிவிடும். அலுமினியத் தட்டிகள் அலையில் சலசலக்கும். மடிப்புக் காகிதத் திரையும் பன்பாயும் பார்க்க அழகு. ஈரத்தில் ஒன்று துவண்டு விழும், மற்றது பூஞ்சணம் பிடிக்கும்.

மாட்டுகிற பொருட்களில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். துணி மலிவாக இருக்கலாம், கொக்கி ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும், முடிந்தால் உப்பை நன்றாகத் தாங்குகிற 316 ரகம். வெல்க்ரோ நல்லதுதான், ஆனால் பின்னால் பசை பூசியதை மட்டும் நம்பினால் சித்திரை வெயிலில் பசை உருகி வழியும். துணிப் பக்கத்தைத் தைத்துவிட்டு, சுவர்ப் பக்கத்துக்குப் பசையோடு ஓரிரு சிறிய திருகாணி. உறிஞ்சிப் பிடிக்கிற றப்பர்க் கிண்ணம் சூட்டில் கழன்று விழும். காந்தம் இன்னொரு தொல்லை. காந்தப் பொத்தான் வைத்த திரை மிக வசதி, ஆனால் சுக்கானுக்கு முன்னால் இருக்கிற திசைகாட்டிக்கு ஒரு மீற்றருக்குள் அது வந்தால் முள் தவறாகக் காட்டும். கபின் பின்பகுதியில் வேண்டுமானால் வையுங்கள்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. சிவப்பும் பச்சையும் எடுக்காதீர்கள். படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு என்பது உங்களுக்குத் தெரியும். 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 20ஆம் விதி, சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை அந்த விளக்குகளோடு குழம்பக்கூடிய வேறு வெளிச்சத்தைக் காட்டக்கூடாது என்கிறது; காவல் பார்ப்பதற்கு இடைஞ்சலான வெளிச்சத்துக்கும் அதே தடைதான். மெல்லிய சிவப்புச் சீலைக்குப் பின்னால் விளக்கெரிகிற யன்னல் தூரத்திலிருந்து எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் ஓடவேண்டி வந்தால் சுக்கான் இருக்கிற இடத்துக்கும் கபினுக்கும் நடுவே தடித்த திரை ஒன்று கட்டாயம். உள்வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டால் எதிரே வருகிற விளக்கில்லாத வள்ளம் கண்ணுக்குத் தெரியாது. கொட்டியாரக்குடாவில் அப்படிப்பட்ட வள்ளங்கள் குறைவில்லை.

அடுப்புக்குப் பக்கத்து யன்னலில் துணியே வேண்டாம். பொலியெஸ்டர் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், அது தோலில் ஒட்டும். அந்த ஒரு யன்னலுக்கு வெளிவலை மட்டும் போதும். மேல்மூடி ஆபத்தில் வெளியேறுகிற வழியும்கூட. அதன்மேல் போடுகிற உறை உள்ளிருந்து கையால் தள்ளினாலே கழன்றுவிட வேண்டும், வெளியே முடிச்சுப் போட்டுக் கட்டியதாக இருக்கக்கூடாது.

நுளம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாரி தொடங்கியதும் கேட்பீர்கள். நிழல் வலையின் கண் பெரிது, நுளம்பு தாராளமாக நுழையும். திறக்கிற யன்னல்களுக்கும் வாசலுக்கும் நுளம்பு வலையைத் தனியாகத் தைத்து வெல்க்ரோவில் ஒட்டிவிடுங்கள், உள்திரைக்கும் யன்னலுக்கும் நடுவில்.

ஒக்டோபரில் மழை தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் படகு சும்மாதான் கிடக்கும். அப்போது எல்லாத் திரையையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். கபினில் சுருட்டிப் போட்டுவிட்டு வந்தால் எலி கூடு கட்டும்.

தைப்பதற்குச் சாதாரணத் தையல் இயந்திரமே போதும். தறப்பாள் விளிம்பு நான்கு மடிப்பாகிற மூலைகளில் மட்டும் ஊசி திணறும், அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி 16ஆம் இலக்கம் அல்லது 18. உங்களுக்குக் கைவராவிட்டால் முச்சக்கர வண்டி இருக்கை தைக்கிற கடையில் கொடுங்கள். வெட்டிய துணியையும் பத்திரிகைத் தாள் அச்சையும் சேர்த்துக் கொடுத்தால் கூலி குறையும். துணியைச் சுருட்டாகக் கொண்டுபோய் வைத்தால் அளவெடுக்க ஆள் வரும் செலவும் உங்கள் தலையில்தான்.